தூள் மட்டும் ஊரிலிருந்து

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர்களிடம் வெளிநாட்டின் முதல் வருடத்தைப் பற்றிக் கேட்டால், குளிரைக் காட்டிலும் கறியைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்வார்கள். ஓர் அறையில் ஆறேழு பெடியள். சமைக்கத் தெரிந்தவர் குறைவு. தெரிந்தாலும் சாமான் இல்லை. வெள்ளைக்காரன் கடையில் மிளகாய்த்தூள் என்று நம்பி வாங்கியது நிறத்தைக் கொடுக்கும், உறைப்பைக் கொடுக்காது. காய்ந்த தேங்காய்த் துருவலைப் பக்கெற்றில் வாங்கி, சுடுதண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்தால் அதுதான் பால். கேக் செய்கிறவர்களுக்கென்று விற்ற துருவல் அது. சிலதில் சீனி சேர்த்திருக்கும். அன்றைக்குக் குழம்பு இனிக்கும். மீன் என்றால் ரின் மீன். கோதுமை மாவைத் துவாயில் கட்டி அவித்து, அரித்தெடுத்துப் புட்டுக் குழைத்தார்கள்.

கடையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1972இல் உகண்டாவிலிருந்து துரத்தப்பட்ட குஜராத்திகள் பலர் லண்டனில் பலசரக்குக் கடை போட்டிருந்தார்கள். யூஸ்ரன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் டிரமண்ட் வீதியில் இந்தியச் சாமான் கிடைத்தது. ரொறன்ரோவில் ஜெராட் வீதி, பாரிஸில் புதுச்சேரிக்காரர் தொடக்கி வைத்த பசாஜ் பிராடிக் கடைகள். பருப்பு, மல்லி, சீரகம், செத்தல் மிளகாய் எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் அவை வடஇந்தியச் சமையலுக்கு அடுக்கிய தட்டுகள். குத்தரிசியும் ஒடியல் மாவும் வறுத்து இடித்த தூளும் அந்தக் கடைக்காரருக்கு என்னவென்றே தெரியாது.

அதைவிடப் பெரிய தடை காசு. ஏஜென்சிக்காரனுக்கு ஊரில் காணியை ஈடு வைத்துக் கொடுத்த கடன், கலியாணத்துக்கு நிற்கிற தங்கச்சி, இரண்டும் தலைக்குள் இருக்கும். அந்த நாளில் ஒரு பவுண் 35 ரூபாய் அளவில். முருங்கைக்காயைக் கையில் எடுத்தவர், விலையை 35ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். வேலியோரம் காய்த்துத் தொங்கியதைக் காசு கொடுத்து வாங்க மனம் வராது. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் சேமிப்பு என்ற பழக்கம் இந்தப் பெருக்கல் கணக்கில்தான் தொடங்கியது; அது நல்லதா கெட்டதா என்பது வேறு கதை.

பிறகு நம்மவர்களே கடை போட்டார்கள். லண்டனில் ரூட்டிங், ஈஸ்ற்ஹாம். ரொறன்ரோவில் முதலில் நகர நடுவில் பார்லிமென்ற் வீதிப் பக்கம், பின்னர் ஸ்காபரோ. பாரிஸில் கார் து நோர் நிலையத்துக்கு அப்பால் லா சப்பல். ஒரே கடைக்குள் கறிவேப்பிலையும் இருக்கும், படக் கசற்றும் இருக்கும், ரெலிபோன் கார்ட்டும் இருக்கும். வாடகை அறை தேடுகிறவரும் ஆள் தேடுகிற முதலாளியும் சந்திக்கிற இடமும் அதுதான்.

கறிவேப்பிலைக்கு லா சப்பலில் ஆள் நின்ற அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் கடைத் தட்டு வெறுமையாகக் கிடந்தது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்தேவி ரயில் நின்றது, மின்சாரம் போனது, பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை எதுவும் சட்டப்படி உள்ளே வராது. சவர்க்காரத்தின் விலையைக் கேட்டு மலைத்தவர்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து விளக்கு. கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து வந்த சாமானுக்கு வந்து சேர்ந்ததே விலை. வெளிநாட்டில் மகன் கூலிக்கு நின்று உண்டியலில் அனுப்பிய காசு கையில் இருக்கும். வாங்கப் பொருள் இருக்காது. 2006 ஆவணியில் ஏ9 பாதை மறுபடி மூடப்பட்டபோது இதே கதை: சீனிக்கும் பருப்புக்கும் கூட்டுறவுச் சங்க வாசலில் வரிசை. ரூட்டிங்கில் இருந்த பிள்ளைக்கு ஊர்ச் சாப்பாடு, ஊரில் இருந்த தாய்க்கு அளந்து கொடுத்த பங்கு.

அந்த நாளில் விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் சவர்க்காரமும் பால்மாவும் கண்டோசும் கோடாலித் தைலமும் இருந்ததற்குக் காரணம் ஆடம்பரம் இல்லை. இன்று அவை யாழ்ப்பாண நகரத்து சூப்பர்மார்க்கெற்றிலேயே அடுக்கியிருக்கின்றன. கொண்டு வந்து கொடுத்தாலும் பிள்ளைகள் ஒருக்கால் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

வெளிநாட்டுத் தமிழ்க் கடையில் இப்போது கிடைக்காதது என்று ஒன்றைச் சொல்வது கடினம். உறையவைத்த தேங்காய்ப்பூ, உறையவைத்த இடியப்பம், நறுக்கின முருங்கைக்காய், மரவள்ளிக் கிழங்கு, அறக்குளா, பாரை, புழுக்கொடியல், பனங்கட்டி எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் தட்டு விமானத்தையும் சட்டத்தையும் நம்பி நிற்கிறது. பழ ஈ காரணமாக 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து வந்த மாம்பழம், கத்தரி, பாகல், புடலை ஆகியவற்றைத் தடுத்தது. 2019 டிசம்பர் 14 முதல், ஐந்து பழங்களைத் தவிர, செடியோ காயோ இலையோ சான்றிதழ் இல்லாமல் பயணப்பையில் ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. அந்த ஐந்தில் தேங்காயும் வாழைப்பழமும் இருப்பது நம் அதிர்ஷ்டம். மீன் வகைக்கோ ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. பக்கத்து இருக்கைக்காரரின் மூக்கைச் சோதிக்கும் கருவாடு சட்டப்படி போகும், ஒரு கொத்துக் கறிவேப்பிலை போகாது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போன பிள்ளைகளுக்கு இந்த நிறைந்த தட்டு வேறு மாதிரித் தெரிகிறது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வருடம் முழுவதிலும் நாட்டில் 9 இலட்சத்துக்கு மேல் கடவுச்சீட்டு எடுத்தார்கள். லண்டனுக்குப் படிக்கப் போனவருக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியால வேலைதான் அனுமதி. 2025 ஏப்ரலில் ஆகக்குறைந்த கூலி, 21 வயதைத் தொட்டவருக்கு, மணிக்கு 12.21 பவுண் ஆனது. அந்தக் கணக்கில் வாரத்துக்கு 244 பவுண். அதற்குள் அறை வாடகை, பஸ் காசு, வீட்டாருக்கு ஏதாவது. பவுண் 2025இல் ஏறத்தாழ 400 ரூபாய் ஆகிவிட்டதால் பெருக்கல் இன்னும் கொடியது.

அதனால் அவர்கள் வாங்குகிற ஒழுங்கே தனி. வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, கோழிக்கால் எல்லாம் லிடிலிலோ அல்டியிலோ. பருப்பு பாகிஸ்தான் கடையில் பெரிய பக்கெற். அரிசி பத்துக் கிலோச் சாக்கு, மூன்று பேர் பங்கு. தமிழ்க் கடைக்குக் கடைசியாக, எழுதின துண்டோடு போவது. துண்டில் இல்லாததைத் தொடுவதில்லை. வாங்கின கறிவேப்பிலையை உருவிக் குளிரூட்டிப் பெட்டியில் போட்டு, ஒரு கறிக்கு ஏழெட்டு இலை. நாற்பது வருடம் முன் போன மாமா அதே தெருவில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு, “இப்ப என்ன, எல்லாம் இருக்குத்தானே?” என்று கேட்பார். இருக்கிறதுதான். மாமாவுக்கு அன்று தமிழ்க் கடை இல்லை, ஆனால் வேலை இருந்தது, பிற்பாடு விசாவும் கிடைத்தது. மருமகனுக்கு இன்று கடை இருக்கிறது. மற்ற இரண்டும் நிச்சயம் இல்லை. யாருடைய பாடு பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மாமாவும் அப்படிக் கேட்காமல் இருப்பது நல்லது.

இருவருக்கும் பொதுவாக ஊரிலிருந்து போவது ஒன்றுதான்: தூள். தமிழ்க் கடையில் யாழ்ப்பாணத்துத் தூள் பல பெயரில் கிடைக்கிறது, மோசமும் இல்லை. ஆனால் தூள் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டில் மல்லி தூக்கல், இன்னொரு வீட்டில் மிளகு. அங்கேயே வறுக்கலாம் என்றால் ஃபிளாற்றில் செத்தல் மிளகாய் வறுபட்டதும் ஃபயர் அலாரம் அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டு படியிறங்குவார்.

எனவே பயணத்துக்கு ஒரு கிழமை முன்னர் இங்கே அடுப்பு மூட்டப்படும். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, ஒவ்வொன்றும் தனித்தனியே வறுபட்டு ஆறியதும் மில்லுக்குப் போகும். முந்தி அரைத்தவரின் மா மெஷினில் ஒட்டியிருக்கும் என்பதால் முதலில் விழுகிற பிடியை ஒதுக்கிவிடுவார்கள். அரைத்த சூட்டோடு பையில் கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பேப்பரில் பரவி ஆறவிட வேண்டும். பின்னர் இரட்டைப் பொலித்தீன், மெழுகுதிரிச் சுவாலையில் வாயை ஒட்டி, பெட்டிக்கு நடுவில் பெட்சீற்றுக்குள் சுற்றி வைப்பது. சுன்னாகத்தில் ஒரு மில் வாசலில் ஓர் அம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, “பெருஞ்சீரகம் கூடிப்போச்சு தம்பி, மருமகள் முகத்தைச் சுளிக்கப் போறாள்” என்றார். மருமகள் இருப்பது சூரிச்சில்.

அந்தத் தூளை எடுத்துப் போக வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வருகிறார்கள். லண்டனில் கறிவேப்பிலையை எண்ணிப் போட்ட அதே கை திருநெல்வேலிச் சந்தையில் விலை கேட்காமல் கத்தரிக்காயைப் பொறுக்கும். பவுணை ரூபாயாக்கினால் எல்லாம் மலிவு. வியாபாரி ஆளைப் பார்த்ததும் விலையை நிர்ணயிக்கிறார். ஊர்ச் சம்பளத்தில் வாழ்கிறவர் பின்னால் நின்று அதே விலையைத்தான் கேட்க வேண்டும். கொடி ஏறினால் 25 நாளும் மரக்கறி விலை ஏறும். கொடி இறங்கினால் மீன் விலை ஏறும். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சூடை மீன் சொதியோடு சரி. பாரை வாங்குவது அவர்கள் பிளேன் ஏறின பிறகுதான்.