மண்டிப் பூனைக்கு மாத்திரை வேண்டாம்! ஒன்றே உயிரைக் குடிக்கும்

திண்டிவனம்:
எலி பிடித்து அரிசி மூட்டையைக் காத்த பூனை, கிழடாகிப் படுத்து விட்டதா? "பாவம், வலிக்குதே" என்று பாரசிட்டமாலைப் பொடித்துப் பாலில் கலக்காதீர்கள். மனிதர் போடும் அந்த மாத்திரை பூனைக்கு விஷம்! அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தம் கெட்டு, ஈறு நிறம் மாறி, மூச்சுத் திணறிச் சாகும்.

அடையாளம் என்ன?

கிழப்பூனைகளை அதிகம் வாட்டுவது சிறுநீரக நோய். தண்ணீரை ஓயாமல் குடிக்கும். அடிக்கடி மூத்திரம் போகும். உடம்பு இளைக்கும். வாய் நாறும். முற்றினால் குணமாகாது. ஆனால் அவஸ்தையைக் குறைக்கலாம்.

உப்பு, காரம், முள் இல்லாத வெதுவெதுப்பான மீனைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். பக்கத்திலேயே தண்ணீர் இருக்கட்டும். படுக்கப் பழைய வேட்டி போதும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையா? உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போங்கள். பெரிய சிகிச்சைக்கு, 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சாக்கில் கட்டலாமா?

தாங்க முடியாத வலி என்றால், டாக்டரே ஊசி போட்டு நோகாமல் கண்மூட வைப்பார். சாக்கில் கட்டி ஏரிக்கரையில் பட்டினி போட்டு விட்டு வருவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்!

இத்தனை வருஷம் மூட்டையைக் காத்தது அது. கடைசி நாலு நாள் அதை நாம் காக்கக் கூடாதா?