ஐப்பசியில் பார்க்க வேண்டிய வீடு

வெயிலும் வீடும் – 9

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசியில் வருகிறார்கள். வெயில் தணிந்திருக்கும், பயணம் சுகமாக இருக்கும். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைந்து, பர்மா தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்து, இத்தாலியப் பளிங்கைத் தடவி, பெல்ஜியம் கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒருமுறையாவது ஐப்பசி அடைமழையில் போங்கள். வளவு என்னும் நடுமுற்றப் பகுதியின் தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான்கு பக்கத்து ஓடுகளிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள் கொட்டுவதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தேக்கும் பளிங்கும் பிறகு வந்து சேர்ந்தவை, வீடு மழைக்காகக் கட்டப்பட்டது என்பது அங்கேதான் விளங்கும்.

போன வாரம் பார்த்த கேரளத்து நாலுகெட்டிலும் நடுமுற்றம் உண்டு. அங்கே மழை தாராளம். வந்த தண்ணீரை வழியனுப்புவதே வேலை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் செட்டிநாட்டின் நிலை நேர்மாறு. வற்றாத ஆறு எதுவும் இந்தப் பக்கம் ஓடவில்லை. செம்மண், செம்புறாங்கல், முள்மரம். நம்பி இருக்கக்கூடிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். ஐப்பசியும் கார்த்திகையும் கைவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட பூமியில் ஒரு காலத்தில் 96 ஊர்களாகவும் இன்று எழுபத்துச் சொச்சமாகவும் நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஊர்கள் நிற்கின்றன என்றால், ஒவ்வொரு ஊரும் முதலில் தண்ணீர்க் கணக்குப் போட்டுவிட்டுத்தான் தெருவுக்கு நூல் பிடித்திருக்கிறது.

நகரத்தார் தங்கள் முன்னோரின் ஊர் காவிரிப்பூம்பட்டினம் என்று சொல்வார்கள். கடல் பொங்கி ஊரை அழித்ததாகவும், அதனால் கடலிலிருந்து விலகி மேட்டு நிலம் தேடி வந்ததாகவும் வழிவழியாக ஒரு கதை உண்டு. வாசற்படிகள் ஏறி உயரமான அடித்தளத்துக்குப் போகும்படி வீடு கட்டுவதற்கு அந்தப் பழைய பயமே காரணம் என்பார்கள். வறண்ட ஊரில் வெள்ளத்துக்குப் பயந்து கட்டிய வீடு! கதையின் வரலாற்று மதிப்பை ஆய்வாளர்கள் எடைபோடட்டும். பெருமழை நாளில் தெருவில் ஓடும் தண்ணீர் திண்ணையைத் தொடாமல் போவதையும், தரையீரம் சுவரில் ஏறாமல் நிற்பதையும் பார்த்தால், அந்த உயரம் இன்றும் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பது தெரியும்.

கூரையிலிருந்து தொடங்குவோம். வளவைச் சுற்றிய நான்கு கூரைச் சரிவுகளும் உள்நோக்கிச் சாய்கின்றன. நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காகப் பதித்திருப்பார்கள். ஓட்டு விளிம்பில் விழும் தண்ணீர் தகரத் தூம்பு வழியாக மூலைக்கு வந்து, கல் பாவிய முற்றத்தில் இறங்கும். முதல் மழை ஓட்டைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதன் பிறகு தூம்புக்கு அடியில் அண்டாவும் கங்காளமும் வந்து உட்காரும். சமையலுக்கும் குடிக்கவும் அந்தத் தண்ணீர். மிச்சம் முற்றத்தின் மூலையிலுள்ள துளைவழி தரைக்கடியில் ஓடி, தெரு வாய்க்காலுக்குப் போகும். தெரு வாய்க்கால் ஊருணிக்குப் போகும்.

இதில் எவ்வளவு தண்ணீர் கிடைத்துவிடும் என்று கேட்கலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 500 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் ஓர் இரவு 20 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். சேதாரம் போக அதில் பெரும்பகுதி கைக்கு வரும். தெருவின் இரு பக்கமும் இப்படி வரிசை வரிசையாகக் கூரைகள் இருந்தால், ஊரே ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகிவிடுகிறது. பாசனத்துக்குக் கண்மாய், கோயிலுக்குத் தெப்பக்குளம், குடிக்க ஊருணி என்று நீர்நிலைகள் பிரிந்திருந்தன. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். செம்புறாங்கல் படிக்கட்டுகளோடு இன்றும் அவற்றில் பல இருக்கின்றன. வீட்டை மட்டும் பார்த்துவிட்டு ஊருணியைப் பார்க்காமல் வருகிறவர்கள் பாதி வீட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இனி வெயில். இந்த வீடுகள் அகலத்தைவிட நீளத்தில் பெரியவை. பல வீடுகளுக்கு வாசல் ஒரு தெருவில் என்றால் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒன்றின்பின் ஒன்றாக நடந்து போகலாம். கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முன்கதவில் நின்றால் கொல்லைப்புற வெளிச்சம் சின்னப் புள்ளியாகத் தெரியும். காற்று போவதும் அந்த நேர்கோட்டில்தான். நடுவில் முற்றங்கள் வானத்துக்குத் திறந்திருப்பதால், சூடான காற்று மேலே ஏறிப் போகப் போக, நிழலில் குளிர்ந்த காற்று தாழ்வாரங்களிலிருந்து அந்த இடத்துக்கு நகர்ந்து வருகிறது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் திண்ணையில் தூக்கம் சொக்கும்.

சுவர் கனமானது, செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே பல பூச்சுகள். கடுக்காய் ஊறவைத்த நீர் கலந்த சாந்து, நன்றாக அரைத்த வெண்சுண்ணாம்பு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய பூச்சு, அதைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. நூறாண்டு கடந்த சுவரில் கைவைத்தால் வழவழவென்று, பகல் இரண்டு மணிக்கும் குளுமையாக இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கவும் தெரிந்தது, விடவும் தெரிந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் அந்த மூச்சு அடைபடும். சில ஆண்டுகளில் பூச்சு உப்பி உதிரும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று நல்ல மனசோடு இறங்குகிறவர்கள் செய்யும் முதல் கேடு இதுதான். தயவுசெய்து அடிக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த வீட்டில் ஆட்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை, வெயிலுக்கேற்ப நகர்வார்கள். காலையில் முகப்பில் கணக்குப் புத்தகமும் வந்துபோகும் ஆட்களும். வெயில் ஏற ஏற பட்டாலைக்கும் தாழ்வாரத்துக்கும் உள்வாங்குவார்கள். பங்குனி, சித்திரையில் முற்றம் ஆச்சிமாரின் கையில். வற்றலும் வடகமும் பாய்மேல் காயும். இரவில் மொட்டை மாடியிலோ முற்றத்தை ஒட்டிய தரையிலோ படுக்கை. ஐப்பசி வந்தால் பாய்கள் சுருண்டுவிடும், அண்டாக்கள் வெளியே வரும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு வேலை என்று ஒதுக்கிப் பழகிய நமக்கு இது புரியச் சற்று நேரம் பிடிக்கும்.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அவர்களுக்கென்று தனி அடுப்பு. ‘வேறு வைப்பது’ என்பார்கள். கூரை ஒன்று, முற்றம் ஒன்று, கிணறு ஒன்று, உலை மட்டும் வேறு வேறு. வரவு செலவைச் சிறுவயதிலேயே பழக்கிவிடும் வணிகக் குடும்பத்து ஏற்பாடு இது. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பில் எல்லா அடுப்புக்காரர்களும் ஒன்றுகூடி, மாவில் வைத்து ஏற்றிய இழையைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். மழை ஓய்ந்து பனி இறங்கும் நேரம் அது. பிழைப்புக்காக எங்கெங்கோ போன மக்களை அந்த இருட்டுமாலை வீட்டுக்கு அழைத்து வந்தது. தாலி பூட்டும் திருப்பூட்டு நடப்பதும் இந்த வீட்டில்தான். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரனுக்குக்கூட, கல்யாணம் என்றால் பூட்டிய வீட்டைத் திறந்து சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.

இத்தனை பெரிய வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பர்மாவிலிருந்து. ஐராவதி வடிநிலத்தில் நெல் விவசாயம் பெருகியபோது அதற்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930இல் உலகச் சந்தையில் அரிசி விலை சரிந்தது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம், 1937இல் 25 சதவீதம். இந்தத் தூண்களைப் பற்றி எழுதும்போது அந்த உழவர்களை மறந்துவிட்டு எழுதுவது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம். 1960களில் மிச்சமிருந்த தொழில்களும் போயின. பெரிய வீடு கட்டும் காலம் அத்தோடு முடிந்தது. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941இல் எழுந்தது. அந்தத் தலைமுறையின் கடைசி வீடுகளில் ஒன்று.

கவனிக்க வேண்டியது இது. பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, இத்தாலியிலிருந்து பளிங்கு, ஜப்பானிலிருந்து பூப்போட்ட ஓடு, ஐரோப்பாவிலிருந்து கண்ணாடி. முகப்பின் மேல் விக்டோரியா மகாராணி காலத்துச் சிப்பாய்களும் சீமாட்டிகளும் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் சுதைச் சிற்பமாக நின்றார்கள். இவ்வளவு வந்தபோதும் வீட்டின் அமைப்பை யாரும் இறக்குமதி செய்யவில்லை. கடல்கடந்து பல வகை வீடுகளைப் பார்த்தவர்கள், தங்கள் முற்றத்தை மட்டும் கண்ணாடி போட்டு மூடவில்லை. செம்மண் பூமியில் எது செல்லும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நிறைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், பங்காளிகளின் பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள். ஓடு மாற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட வேண்டும். ஆகஸ்டில் தொடங்கிய பேச்சு முடிவதற்குள் மழை வந்துவிடும். குரங்கு ஓடி ஓர் ஓடு நகர்ந்தால் போதும். கைமரம் நனையும், உத்தரம் ஊறும், கறையான் வரும், பிறகு ஒரு கட்டே இறங்கிவிடும். அதன்பின் யாரோ ஒருவர் சரி, பிரித்து விற்றுவிடலாம் என்கிறார். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தூண்களும் நிலைக்கதவுகளும் வெயிலில் சாய்த்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. விற்றவர்மேல் இல்லை; ஓடு மாற்றும் செலவுக்குப் பாதியாவது தரும் ஓர் ஏற்பாட்டை இத்தனை ஆண்டுகளாக யாரும் உருவாக்காததன்மேல். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் ஓட்டைக் காக்காது.

விற்ற தூண்கள் எங்கே போகின்றன? ‘செட்டிநாட்டுப் பாணி’ உணவகங்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும். அங்கே எல்லாம் இருக்கும்: தூண், ஊஞ்சல், ஆத்தங்குடிக் கல், பித்தளை உருளி. முற்றமும் இருக்கும். அண்ணாந்து பார்த்தால் பாலிகார்பனேட் ஷீட். வெளிச்சம் உள்ளே வந்துவிட்டது, சூடு வெளியே போக வழியில்லை. ஆகவே பக்கத்தில் ஏ.சி. மழை அந்த ஷீட்டில் தடதடவென்று விழுந்து, குழாயில் இறங்கி, சாக்கடைக்குப் போகிறது.

தமிழகத்தில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல சட்டம். குழாய் இறக்கினோம், குழி தோண்டினோம், மூடி போட்டோம். இன்று பல வீடுகளில் அந்தக் குழி எந்த மூலையில் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. மண் மூடித் தூர்ந்துபோயிருக்கும். வளவு வீட்டில் இப்படி நடக்க வழியில்லை. தூம்பு அடைத்தால் வீட்டின் நட்டநடுவில் எல்லோர் கண்முன்னும் தண்ணீர் தேங்கும், அன்றே ஆள் ஏறித் துடைப்பான். நான் கட்டடக்கலை மாணவர்களிடம் பேசும்போது தூணையும் பூச்சையும் விட்டுவிட்டு இதையே சொல்கிறேன்: தண்ணீர் போகும் வழியைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

1,200 சதுர அடி மனையில் வளவு எடுக்க முடியாதுதான். எட்டுக்கு எட்டு அடி திறந்த இடம் விட முடியும். திருட்டுப் பயத்துக்கு இரும்புக் கம்பி, கொசுவுக்கு அறைக் கதவில் வலை, சாரலுக்கு விளிம்பிலிருந்து இரண்டரை அடியாவது நீளும் இறவாணம். கீழே கல் பாவி, வாட்டம் பார்த்து, ஒரு தொட்டிக்கு வழி. இதற்குப் பர்மா தேக்கு வேண்டாம். கட்டச் சொன்னால் பொறியாளர் முதலில் ‘இடம் வீணாகுதே சார்’ என்பார். விடாதீர்கள்.

தரையைப் பற்றி வேண்டுமென்றேதான் இன்று அதிகம் பேசவில்லை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்து ஊற்றி, உள்ளூர் மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அதை வார்க்கும் பட்டறைகளையும், அந்தத் தொழிலாளர்களின் கூலியையும் பற்றி அடுத்த வாரம்.