நண்பர்களின் உதவியும் பவுண் கணக்கும்

2019ஆம் ஆண்டு கண்டிப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் தார்ப்பாயால் மூடிக் கிடந்த எம்.ஜி.பி. கார் ஒன்றை வாங்கினேன். 1965ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இரண்டு பேர் போகக்கூடிய, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார். ஹார்ட்வெயார் கடைக்காரனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டன. 1980இல் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். எனினும் உதிரிப்பாக வியாபாரம் படுக்கவில்லை. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, புதிய பொடியையே செய்து விற்கத் தொடங்கியது. பஞ்சிகாவத்தையில் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

என்ஜின் பயப்படுத்தவில்லை. 1798 சீ.சீ. கொண்ட அது, ஒரு காலத்தில் நமது வீதிகளில் ஓடிய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களின் என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றோடு வாழ்நாளைக் கழித்த நானா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிரித்துப் பூட்டித் தந்தார். இரட்டைக் கார்பரேட்டரை, இறப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டே சமப்படுத்தினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

வினை வந்தது பொடியில். இந்தக் காருக்குத் தனியான செஸி கிடையாது. கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் 'சில்' என்ற பெட்டித் தகடுகள்தான் நடுப்பகுதியைத் தாங்குகின்றன. எங்களுடைய இரண்டு சில்லும் கறள் பிடித்துப் பொடியாகியிருந்தன. டிங்கரிங் பாஸ் என் பாடசாலை நண்பர். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒட்டாமல் இரு பக்கத்தையும் ஒன்றாக வெட்டிவிட்டார். மறுநாள் பார்த்தால் நடு இறங்கிப்போய் கதவு சாத்தவே முடியவில்லை. சம்பளத்துக்கு வந்தவரென்றால் சத்தம் போட்டிருப்பேன். சும்மா செய்பவரிடம் என்ன பேசுவது? ஜாக்கி வைத்துத் தூக்கி, அளந்து, மீண்டும் ஒட்ட இரண்டு மாதம் போனது.

புதிய சில், தரைத்தகடு எல்லாவற்றையும் 2021இல் இலண்டனிலுள்ள இன்னொரு நண்பர் தன் காசில் வாங்கிக் கப்பலில் அனுப்பியிருந்தார். 900 பவுண். அப்போது ஒரு பவுண் 270 ரூபா அளவில் இருந்தது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம். "பிறகு தாறேன்" என்றேன். எழுதிக்கொள்ளவில்லை, எந்தக் காசில் திருப்புவது என்றும் பேசவில்லை. 2022 மார்ச்சில் ரூபா சரிந்தது. சில வாரங்களில் பவுண் 400 ரூபாவைத் தாண்டியது. என் கடன் ஒரு இலட்சத்துக்கு மேல் கூடிவிட்டது.

"மச்சான், அண்டைக்கிருந்த கணக்குப்படி ரூபாவிலயே தா" என்றார் அவர். ஆசையாகத்தான் இருந்தது. கடையிலும் அப்போது வியாபாரம் இல்லை. ஆனால் அவர் கொடுத்தது பவுண். அந்த ரூபாவை மாற்றினால் அவருக்கு 600 பவுண்கூடத் தேறாது. மிச்சத்தை என் காருக்காக அவர் ஏன் இழக்க வேண்டும்? இரண்டு தவணையில் 900 பவுணையும் கொடுத்து முடித்தேன். இரண்டாவது தவணை கிடைத்த அன்றுதான் சொன்னார், அந்தப் பணத்தை அவரும் வங்கி அட்டையில் கடனாக எடுத்திருந்தாராம்.

2024இல் அவர் ஊருக்கு வந்தபோது நீர்கொழும்பு வரை அதே காரில் கூட்டிப்போனேன். வலது கதவை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது.