நோயைத் தேடிச் செல்லும் குருதி அணுக்கள்

கேரி தீவில் செம்பனைத் தோட்டங்கள் பரந்து விரிந்துள்ளன. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளைத் தின்னும் எலிகளை ஒழிக்க இரு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, நஞ்சு கலந்த இரையை வைப்பது. மற்றொன்று, ஆந்தைகளுக்குக் கூடு அமைத்துக் கொடுப்பது. நஞ்சு பிற உயிர்களையும் கொல்லக்கூடும். ஆந்தையோ எலியைத் தேடிப் பிடிக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு.

கீமோதெராபி எனப்படும் வேதிச் சிகிச்சை, விரைந்து பெருகும் அணுக்களை அழிக்கிறது. புற்றணுக்கள் விரைந்து பெருகுபவை. ஆனால், முடியின் வேரிலும் குடலின் உட்புறத்திலும் உள்ள நல்ல அணுக்களும் அவ்வாறே பெருகுகின்றன. ஆதலால், நோயாளிக்கு முடி உதிர்கிறது, வாந்தி ஏற்படுகிறது. மருந்தை நோயுள்ள இடத்திற்கு மட்டும் கொண்டு செல்ல இயலுமா? இவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வாளர்களின் கவனம் குருதி அணுக்களின் பக்கம் திரும்பியது.

சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் உடலெங்கும் சுற்றி வருகிறது. உப்பு குறைந்த நீர்மத்தில் இட்டால் அது உப்பி, அதன் படலத்தில் நுண்துளைகள் திறக்கின்றன. அவற்றின் வழியே மருந்து உட்புகுகிறது. உப்பின் அளவைச் சீராக்கியதும் துளைகள் மூடிக்கொள்கின்றன. எனவே, சிவப்பணு மருந்தைச் சுமக்கும் வாகனமாகிறது. எனினும், அதனால் பகைவனை அடையாளம் காண இயலாது.

அவ்வாற்றல் வெள்ளணு வகைகளுள் ஒன்றான டி அணுவுக்கு உண்டு. நோயாளியின் குருதியிலிருந்து டி அணுக்களைப் பிரித்தெடுத்து, தீங்கற்றதாக மாற்றப்பட்ட நச்சுயிரியின் துணையுடன் அவற்றினுள் புதிய மரபணுவைச் செலுத்துகின்றனர். இதனால், சில வகை இரத்தப் புற்றணுக்களின் மேற்பரப்பில் உள்ள சிடி19 என்னும் புரதத்தை அடையாளம் காணும் ஏற்பி டி அணுவில் உருவாகிறது. பின்னர், ஆய்வுக்கூடத்தில் பெருக்கப்பட்ட அணுக்கள் மீண்டும் நோயாளியின் உடலில் செலுத்தப்படுகின்றன. இதுவே கார்-டி சிகிச்சை.

2012ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆறு வயதுச் சிறுமி எமிலி வைட்ஹெட் இச்சிகிச்சையைப் பெற்றார். இரத்தப் புற்றுநோய்க்காக இதனைப் பெற்ற முதல் குழந்தை அவரே. டி அணுக்களின் கடும் போரினால் அவருக்கு உயிருக்கே ஆபத்தான காய்ச்சல் கண்டது. மூட்டழற்சிக்கான ஒரு மருந்தைக் கொடுத்து மருத்துவர்கள் அவரைக் காப்பாற்றினர். அவருடைய புற்றுநோயும் மறைந்தது.

2017இல் அமெரிக்கா இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தபோது, அதன் விலை 475,000 டாலர். ஏழை நோயாளிக்கு அது எட்டாக்கனியே. இந்நிலையை மாற்ற, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உழைத்தன. அவை உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்திய அரசு ஒப்புதல் வழங்கியது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கிற்கே இது கிடைக்கிறது.

கார்-டி எல்லாப் புற்றுநோய்க்கும் தீர்வன்று. நுரையீரல், குடல் முதலிய உறுப்புகளில் தோன்றும் கட்டிகளுக்குள் டி அணுக்கள் எளிதில் புகுந்து செயல்பட முடிவதில்லை. பத்தில் ஒரு பங்கு விலையும் பல குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையே. ஆகவே, அணுக்களின் ஆற்றலைப் பெருக்குவதோடு விலையைக் குறைப்பதும் ஆய்வாளர்களின் கடமையாகிறது. ஒரு மருந்து நோயாளியின் கைக்கு எட்டும்போதே அதன் பயன் முழுமை பெறும்.