திருக்கைகளின் நடுவே ஒரு பகல்

உல்லாசக் கப்பலிற் செல்வோருக்குத் தீவு கிடைப்பதென்னவோ ஒரு பகற்பொழுதுதான். கியூபாவுக்குத் தெற்கேயுள்ள கிராண்ட் கேமன் தீவிலோ பெருங்கப்பல்கள் அணையத் துறைமேடையும் இல்லை. ஜோர்ஜ் டவுனுக்கு அப்பால் நங்கூரமிட்டுப் பிரயாணிகளைச் சிறு படகுகளிற் கரைசேர்க்கிறார்கள்.

பலரும் நாடுவது வடகுடாவின் மணற்றிட்டையே. இடுப்பளவு நீர், கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து முகத்தைத் தாழ்த்தினால், முறம் போன்ற திருக்கைகள் காலைச் சுற்றி வருவதைக் காணலாம். முன்னாளில் மீனவர் இவ்வமைதியான நீரில் மீனைத் துப்புரவாக்கிக் குடலை எறிந்தனர். படகின் ஓசையே உணவுக்கு அழைப்பென அவை கற்றுக்கொண்டன. இன்று கணவாய்த் துண்டை நீட்டுவோர் உல்லாசப் பிரயாணிகள். இயல்பில் இரவிலே தனித்து இரைதேடும் பிராணி, இங்கே பகலிற் கூட்டமாகத் திரிகின்றது. 2013இல் வெளியான ஆய்வொன்று இதனை எடுத்துக்காட்டியது. நமக்கு அரைமணி வேடிக்கை. அதற்கோ வாழ்வே தலைகீழ்.

பிள்ளைகளுடன் செல்வோர், காலைத் தூக்கி வைக்காது மணலிற் தேய்த்தே நடக்கப் பழக்குங்கள். மிதிபட்டால் வாலின் நச்சுமுள் பாயும். திருக்கையை நீருக்கு வெளியே தூக்குவது அங்கு சட்டவிரோதம். படத்துக்காகத் தூக்கித் தருகிறேன் என்பவரிடம் வேண்டாமென்று கூறிவிடுங்கள்.

மணிக்கூட்டையும் மறவாதீர்கள். கேமனில் கோடைக்கென நேரத்தை மாற்றுவதில்லை. கப்பலின் நேரம் ஒரு மணி முந்தியிருக்கலாம். கடைசிப் படகு தவறினால் அடுத்த துறைக்கு விமானச் சீட்டு உங்கள் செலவில்.