பஞ்சாபி பாஷையும் அதன் பல குரல்களும்

1955-ஆம் வருஷத்தில் ராஜ்ய புனரமைப்புக் கமிஷனார், பஞ்சாபி பேசுவோர்க்குத் தனி ராஜ்யம் வேண்டுவதில்லை என்று தீர்ப்பளித்தபோது, அப்பாஷை ஹிந்தியிலிருந்து போதிய அளவு வேறுபட்டதன்று என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினர். காகிதத்தை மட்டும் பார்ப்போர்க்கு அவ்விதம் தோன்றலாம். காதால் கேட்டோர் அப்படிச் சொல்லத் துணியார் என்பது நமது அபிப்பிராயம்.

குதிரைக்கு இரு பாஷைகளிலும் ஒரே சொல். குருமுகியில் அதைக் கவர்க்கத்தின் நான்காம் எழுத்தைக் கொண்டே எழுதுகிறார்கள். ஆனால் லாகூர், அமிர்தசரஸ் வாசிகள் அவ்வெழுத்தை ஒலிப்பதில்லை. வெறும் ககரத்தைச் சொல்லிக் குரலைத் தாழ்த்துகிறார்கள். தாழ்ந்த குரலில் 'கோடா' என்றால் குதிரை. உயர்ந்த குரலில் குஷ்டரோகி. சமமாகச் சொன்னால் சவுக்கு! சீன பாஷைக்கு உரியதென்று நாம் கேள்விப்படும் இந்தச் சுரபேதம் ஹிந்தியில் கிடையாது.

ஆயினும் பஞ்சாபியர் அனைவரும் ஒரே வாயால் பேசுவதாக எண்ணலாகாது. பியாஸ் நதிக்கு மேற்கே மாஜா. பியாஸுக்கும் சட்லெஜுக்கும் நடுவே தோவாபா. சட்லெஜுக்குத் தெற்கே மால்வா. அதற்கும் கிழக்கே, காக்கர் நதியை அடுத்துப் புவாத். 'உங்களுடைய' என்பதற்கு மாஜாவில் 'துஹாடா', மால்வாவில் 'தோடா', புவாதில் 'தாரா'. தோவாபாவார் சொல்லின் முதலில் வரும் வகரத்தைப் பகரமாக்குவர். 'வந்தே மாதரம்' வங்காளியர் வாயில் 'பந்தே மாதரம்' ஆவதை அறிந்த நம்மவர்க்கு இது விந்தையாகாது.

மேற்கே முல்தான் பக்கம் போனால், கிழக்கே மறைந்த அந்த நான்காம் எழுத்துக்கள் உயிரோடிருக்கின்றன, சுரபேதமோ இல்லை. கிரியர்ஸன் துரை தமது பாஷா ஆராய்ச்சியில் மேற்கத்திப் பேச்சை 'லஹ்ந்தா' என்று தனியே பிரித்தார். எல்லை தெளிவானதன்று என்பதையும் ஒப்புக்கொண்டார். பாகிஸ்தானத்தின் 1981-ஆம் வருஷ ஜனக்கணக்கில் முல்தான் பக்கத்துப் பேச்சு 'ஸராயிக்கி' என்ற பெயரில் தனிப் பாஷையாயிற்று. கிளை மொழியே என்று வாதிப்போர் இன்றும் உளர். இவ்வழக்கை ஒலிநூல் வல்லார் தீர்த்துவிட முடியாது. பேசுகிறவர்கள் தம்மை யாரென்று கருதுகிறார்களோ அதுவே தீர்ப்பு.

நூல் வழக்குக்கு ஆதாரமான மாஜாவை 1947-ஆம் வருஷத்துப் பிரிவினை இரண்டாக வெட்டியது. லாகூர் ஒரு புறம், அமிர்தசரஸ் மறு புறம். பேச்சு ஒன்று, லிபி இரண்டு. ஜலந்தர், ஹோஷியார்பூர் ஜில்லாக்களிலிருந்து அகதிகளாய்ச் சென்ற முஸ்லிம்கள் பலர் லயால்பூரில் குடியேறினர். இன்று பைஸலாபாத் எனப்படும் அந்நகரில் தோவாபாவின் பேச்சு இன்னும் கேட்கிறது. சர்க்கார் கோடு கிழிக்கலாம். நாக்கு அதை மதிப்பதில்லை.

பஞ்சாபி ராஜ்யம் கடைசியில் 1966-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி பிறந்தது. பாஷையின் பேரால் போராடிப் பெற்ற அந்த ராஜ்யத்தின் ஓரத்தில், புவாத் பிரதேசம் பஞ்சாப், ஹரியானா, சண்டிகார் என மூன்று கூறாயிற்று. கமிஷனாரின் செவிட்டுத்தனத்தைக் கண்டித்த அன்பர்கள், 'தாரா' என்று சொல்லும் புவாதியைக் கண்டு நகைப்பது நியாயமாகுமா? சண்டிகார் நகரமே புவாதி பேசிய கிராமங்களை அகற்றி, அவற்றின் நிலத்தில் எழுப்பப்பட்டது. அந்நகரின் வீதிகளில் இன்று அப்பேச்சு அரிதாகவே காதில் விழுகிறது.