பரண் மேல் ஒரு படம்

நோயாளியின் படுக்கைக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரில் ஒரு பலகைத் தட்டு. அதன்மேல் மல்லாந்து கிடக்கிறது ஒரு படம். கீழே நிற்கும் டாக்டருக்கோ நர்ஸுக்கோ அது தெரியாது. கூரையில் பல்லி போல ஒட்டிக்கொண்டு பார்த்தால்தான் தெரியும்.

இப்படி ஏறக்குறைய ஆயிரம் தட்டுகளை ஆஸ்பத்திரிகளில் அடித்து வைத்தவர் மருத்துவர் சாம் பார்னியா. 2008 முதல் 2012 வரை பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரியாவில் 15 மருத்துவமனைகளில் நடந்த 'அவேர்' ஆய்வுக்காக. இதயம் நின்று, பிழைத்து எழுந்த சிலர், "மேலே மிதந்தபடி என் உடம்பையே பார்த்தேன்" என்று சொல்வது பழைய கதை. மிதந்தது நிஜமென்றால் அந்தப் படம் கண்ணில் பட்டிருக்க வேண்டுமே! ஆத்மா உண்டா இல்லையா என்று மல்லுக்கட்டாமல், 'மேலே என்ன படம் இருந்தது, சொல்லுங்கள்' என்று கேட்கிற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2,060 பேருக்கு இதயம் நின்றது. பிழைத்தவர்களில் 140 பேரிடம் பேச முடிந்தது. 101 பேர் விரிவாகப் பேசினார்கள். அந்த நேரத்தில் நடந்ததைக் கண்டோம், கேட்டோம் என்றவர்கள் இரண்டே பேர். அந்த இருவருக்குமே இதயம் நின்றது தட்டு இல்லாத இடத்தில்! மொத்தத்தில் 78 சதவீதம் பேருக்கு அப்படித்தான். எமன் என்ன, தட்டு அடித்த வார்டாகப் பார்த்தா வருவான்?

இருவரில் ஒருவர், தன்னைக் காப்பாற்ற வந்தவரின் தோற்றத்தையும், ஷாக் கொடுக்கும் கருவி பேசிய குரலையும் சரியாகச் சொன்னார். வியப்புதான். ஆனால் காதுக்கு எட்டியதை வைத்து மனம் ஒரு காட்சியைக் கட்டிக்கொள்ள முடியாதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அடுத்த சுற்றில் பலகை போய் டேப்லெட் வந்தது. நோயாளியின் காதில் ஹெட்போன் மாட்டி மூன்று பழங்களின் பெயரைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டார்கள். 2023இல் வந்த முடிவின்படி 567 பேரில் பிழைத்தவர்கள் 53, பேசியவர்கள் 28. படத்தைச் சொன்னவர் யாருமில்லை. பழங்களைச் சொன்னவர் ஒருவர். ஆனால் அதே ஆய்வில், நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது 35, சிலருக்கு 60 நிமிடம் வரைக்கும்கூட, மூளையில் விழிப்பு நிலையை ஒத்த மின்னலைகள் தலைகாட்டின. இதயம் நின்ற சில நிமிடங்களில் மூளை செத்துவிடும் என்று படித்தவர்களுக்கு இதுதான் பெரிய சேதி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜிமோ போர்ஜிகினும் அதே ஆண்டில், செயற்கைச் சுவாசத்தை நிறுத்திய நான்கு நோயாளிகளில் இருவருடைய மூளையில் காமா அலைகள் திடீரென்று பொங்கியதைக் காட்டினார். உயிர் தப்பிப் போவதைவிட, மூளை லேசில் அணைவதில்லை என்பதற்கே இதெல்லாம் சாட்சி என்பது என் கட்சி.

நம் ஊர்ப் பக்கமும் ஆய்வு நடந்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸின் சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனும் 1986இல், இந்தியாவில் சாவைத் தொட்டுத் திரும்பிய 16 பேரைப் பற்றி எழுதினார்கள். இங்கே வருவது எமதூதர்கள். ஏடு பார்ப்பவர், 'ஆளை மாற்றிக் கூட்டிவந்துவிட்டீர்கள்' என்று திட்டித் திருப்பி அனுப்புகிறார். பெயர்க் குழப்பத்தில் மேலுலகமும் நம் தாலுகா ஆபீஸுக்குச் சளைத்ததில்லை! அமெரிக்கர்கள் இந்த ஏட்டைப் பார்ப்பதில்லை. பார்க்கும் காட்சியில் பாதியை அவரவர் பாட்டி சொன்ன கதை எழுதுகிறது போலும்.

மறுபிறவி நினைவுகளைத் தேடி இந்தியா, இலங்கை என்று அலைந்த ஸ்டீவன்சன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஓர் எண் பூட்டை விட்டுச் சென்றார். எண்ணுக்கான குறிப்புச் சொல் அவர் மனத்தில் மட்டும். செத்த பிறகு எப்படியாவது அதைச் சொல்லி அனுப்பப் பார்க்கிறேன் என்றார். 2007இல் காலமானார். பூட்டு திறக்கவில்லை.